கூட நடக்கும் குரல்

மலைக்கோட்டை ஏறியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். வழிகாட்டி பழகிய காலோடு முன்னால் போய்விடுவார். நாம் மூச்சு வாங்கி, வழியில் உட்கார்ந்து எழுந்து, மேலே போய்ச் சேரும்போது அவர் அந்த இடத்தின் கதையை முடித்துவிட்டு அடுத்த திருப்பத்தில் நிற்பார். சிகிரியாவின் சிங்கப் பாதங்களுக்கு முன்னாலும் இதுதான், செஞ்சியில் ராஜகிரி உச்சியிலும் இதுதான். கூட்டத்தின் கடைசியில் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், இடுப்பில் பிள்ளையோடு ஏறும் தாய்மார். காசு கொடுத்தும் கதை கேளாமல் இறங்குகிறவர்கள் அவர்கள்தான்.

காதில் மாட்டிக்கொண்டு அவரவர் வேகத்தில் நடந்து கேட்கும் ஒலி வழிகாட்டி இந்தக் குறையைத் தீர்த்தது. நாம் நின்றால் அதுவும் நிற்கும். இன்னொரு முறை கேட்டால் அலுக்காமல் சொல்லும். இலங்கையின் மலையகத்தில், மடுல்கெல்லயில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். எங்களைச் சுற்றியுள்ள மலைப்பாதைகளில் அப்படி ஒரு குரலை, அதுவும் தமிழில், நான் இன்னும் கேட்டதில்லை. அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் இங்கும் அதைப் பிறக்கச் செய்யலாம் என்ற ஆசையில்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

தொடக்கம் ஆம்ஸ்டர்டாமில், 1952-இல். ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தின் இயக்குநராக அப்போது வில்லெம் சாண்ட்பெர்க் இருந்தார். நாஜிகள் நெதர்லாந்தைப் பிடித்திருந்த காலத்தில், போலி அடையாள அட்டைகளை அவர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாதபடி 1943-இல் ஆம்ஸ்டர்டாமின் குடிப்பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்த குழுவின் திட்டத்தில் பங்கெடுத்தவர். கூட்டாளிகளில் பலர் சுட்டுக்கொல்லப்பட, இவர் போர் முடியும்வரை தலைமறைவாக இருந்து தப்பினார். அப்படிப்பட்டவர் கலையைப் படித்தவர்களின் சொத்தாக விட்டுவைக்கவில்லை. தெருவில் போகிறவரும் உள்ளே வரவேண்டும், வந்தவருக்குப் புரியவேண்டும் என்று நினைத்தார்.

அங்கே அமைத்த கருவி இன்றைய கண்ணுக்கு விநோதமாகத் தெரியும். ஓர் அறையில் ஒலிநாடா ஓடும். அதன் ஒலி, காட்சிக்கூடத்தைச் சுற்றி வளைத்துக் கட்டிய கம்பி வழியே சிற்றலையாகப் பரவும். பார்வையாளர் கையில் சிறிய வானொலிப் பெட்டி, காதில் கேட்பொறி. கம்பி வளையத்துக்குள் நிற்கும்வரை குரல் கேட்கும். டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று நான்கு மொழிகளில் விளக்கம் கிடைத்தது. ஆனால் ஒரு மொழிக்கு நாடா ஒன்று, ஒலிபரப்பும் ஒன்று. அதனால் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே ஓவியத்துக்கு முன்னால் நிற்கவேண்டும், ஒரே நேரத்தில் நகரவேண்டும். அந்நாளைய படங்களில் பத்துப் பதினைந்து பேர் ஒரே பக்கம் தலையைத் திருப்பி நிற்கிறார்கள். வழிகாட்டி மறைந்துவிட்டார், அவருடைய அதட்டல் மட்டும் மிச்சமிருந்தது. பின்தங்கியவர் இங்கேயும் பின்தங்கியவர்தான்.

அமெரிக்காவில் 1957-இல் அகூஸ்டிகைட் என்ற நிறுவனம் தொடங்கியது. அது எடுத்த முதல் வேலை, நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் இருக்கும் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வீடு. ஹட்சன் ஆற்றைப் பார்த்த மேட்டில் நிற்கும் அந்த வீடு 1946 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. வீட்டைப் பற்றிப் பேச ஒரு சரித்திரப் பேராசிரியரையோ வானொலி அறிவிப்பாளரையோ அவர்கள் தேடவில்லை. அந்த வீட்டில் மருமகளாக வாழ்ந்த எலினோர் ரூஸ்வெல்ட்டையே பேசவைத்தார்கள்.

என்னைக் கேட்டால் ஒலி வழிகாட்டி உண்மையில் பிறந்தது இங்கேதான். ஆம்ஸ்டர்டாமில் கருவி பிறந்தது. ஹைட் பார்க்கில் அதற்கு உயிர் வந்தது. ஓர் இடத்தைப் பற்றி நூறு புத்தகம் படித்தவர் சொல்வதற்கும், அந்த இடத்தில் சோறு தின்று, அழுது, பிள்ளை வளர்த்தவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாமவர் பிழையில்லாமல் சொல்வார். இரண்டாமவர் சொல்லும்போது அறைக்குள் ஆள் நடமாடுவது தெரியும்.

ஆனாலும் கருவி இன்னும் கனமாக இருந்தது. நடக்கிறவருக்கு ஏற்றது வர இரண்டு பொருள்கள் பிறக்கவேண்டியிருந்தது. ஒன்று, 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லினில் காட்டிய கேசட். மற்றது, 1979 ஜூலை 1 அன்று சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த வாக்மேன். நீண்ட விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்க வேண்டும் என்று நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகா விரும்பியதில் பிறந்த கருவி அது. முதல் வாக்மேனில் இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகள் இருந்தன. கூடவே ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தான். அதை அழுத்தினால் பாட்டு தாழ்ந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதையில்லை என்று இன்னொரு நிறுவனரான அக்கியோ மொரிட்டா கருதினாராம். பின்னால் வந்த வடிவங்களில் அந்தப் பொத்தான் போய்விட்டது. ஒலி வழிகாட்டியின் மீது இன்றுவரை சொல்லப்படும் நியாயமான குறையும் அதுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கோட்டைக்குப் போய், ஆளுக்கொரு காதுக்குள் அடைபட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பொத்தானை விட்டிருக்கலாம்.

இனி அல்கட்ராஸ். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் நடுவில் செங்குத்தாக எழும் பாறைத் தீவு. சிறையாகத்தான் உலகம் அதை அறியும், ஆனால் முதலில் அது கோட்டை. 1850-களில் துறைமுகத்தைக் காக்க அமெரிக்க இராணுவம் அங்கே பீரங்கி மேடைகள் கட்டியது. தீவின் உச்சியில் எழுப்பிய அரண் 1859-இல் முடிந்தது. அந்த அரணின் அடித்தளத்தின் மேல்தான் பிற்காலச் சிறைக்கட்டடம் நிற்கிறது. 1934 முதல் 1963 வரை அது கூட்டாட்சிச் சிறை. அல் கபோன் அடைபட்டிருந்தது அங்கேதான். 1969 நவம்பரிலிருந்து 1971 ஜூன் வரை பூர்வகுடி அமெரிக்கர்கள் தீவைக் கைப்பற்றித் தங்கள் நிலம் என்று அறிவித்தார்கள். 1973-இல் தேசியப் பூங்காச் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

1987-இல் அங்கே ஒரு கேசட் நடை தொடங்கியது. தயாரித்தது ஆன்டெனா தியேட்டர் என்ற நாடகக் குழு. அதன் தலைவர் கிறிஸ் ஹார்ட்மன். பார்வையாளர்களுக்கு வாக்மேன் மாட்டி நாடகத்துக்குள்ளேயே நடக்கவிட்டுப் பழகியவர். நாடகக்காரர் என்பதால் அருங்காட்சியகக்காரர்களுக்குத் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது. அந்தச் சிறையில் காவல் செய்தவர்களும் அடைபட்டிருந்தவர்களும் அப்போது பலர் உயிரோடு இருந்தார்கள். அவர்களைத் தேடிப்பிடித்துப் பேசவைத்தார். காவலர் தலைவராக இருந்த பில் பெர்கன் பேசினார். கைதிகளாக இருந்த ஜிம் குயிலனும், 'வைட்டி' என்று அழைக்கப்பட்ட லியோன் தாம்சனும் பேசினார்கள். ஒரே கம்பிக் கதவின் இரண்டு பக்கத்தில் நின்றவர்கள் ஒரே நாடாவில் அடுத்தடுத்துப் பேசுகிறார்கள்.

குயிலன் சொன்ன ஒன்றை மட்டும் இங்கே எடுத்துச் சொல்கிறேன். டி பிரிவில் இருட்டறைகள் உண்டு. இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே துளி வெளிச்சம் கிடையாது. அதற்குள் மனம் பேதலிக்காமல் இருக்க அவர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துச் சுண்டி மேலே எறிவார். பிறகு நின்ற இடத்திலேயே பல சுற்றுச் சுற்றுவார், திசை தெரியக்கூடாது என்பதற்காக. அதன்பின் தரையில் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து, தடவித் தடவி அந்தப் பொத்தானைத் தேடுவார். கிடைத்ததும் எழுந்து மறுபடி எறிவார். நடை போகிறவர் இதைக் கேட்கும்போது அந்த அறையின் வாசலில் நிற்கிறார்; உள்ளே நுழைந்தும் பார்க்கலாம். புத்தகத்தில் வாசித்தால் இது ஒரு தகவல். அந்தச் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு, அதில் தவழ்ந்தவரின் குரலிலேயே கேட்டால் நம் கை தானாகத் தரையைத் தடவப் பார்க்கும்.

1946 மே மாதம் சிறையில் நடந்த கலகத்தைச் சொல்லும்போது குரல் நம்மைக் கீழே பார்க்கச் சொல்கிறது. வெடிகுண்டுகள் விழுந்த வடு தரையில் அப்படியே இருக்கிறது. இன்னோரிடத்தில் புத்தாண்டு இரவைப் பற்றிப் பேசுகிறார்கள். காற்று திரும்பினால் கரையில் நடக்கும் கொண்டாட்டத்தின் பாட்டும் பெண்களின் சிரிப்பும் தண்ணீரைக் கடந்து சிறை அறைக்குள் வருமாம். தண்டனையிலேயே கொடியது அந்த ஓசைதான் என்ற எண்ணம் கேட்பவர் மனதில் வந்துவிடுகிறது. யாரும் அதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இதன் தொழில்நுட்பமும் கவனிக்கத்தக்கது. கேசட் ஒரே நீளமாக ஓடும். அதனால் எழுதுகிறவர் நடக்கிறவரின் காலடியை எண்ணியே எழுதவேண்டும். இடப்பக்கம் திரும்பு என்று சொன்னபின், அவர் திரும்பி அங்கே போய்ச் சேரும்வரை கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும் மட்டும் ஓடவேண்டும். சேர்ந்துவிட்டார் என்று கணக்கிட்ட நொடியில் பேச்சு தொடங்கவேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே தொடங்குவதால் ஆம்ஸ்டர்டாமில் நடந்ததுபோல் கூட்டம் ஒரே இடத்தில் தேங்காது. வாக்கியம் சின்னதாக இருக்கவேண்டும். காது பின்னால் போய்த் திரும்ப வாசிக்காது. ஆண்டும் பெயரும் அடுக்கினால் நடக்கிறவர் மறந்துவிடுவார். கண் எதிரே இருக்கும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டுதான் கதை தொடங்கவேண்டும். பல கோட்டைகளில் இன்று வாடகைக்குக் கிடைக்கும் ஒலிக் கருவிகள் இந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை. கல்வெட்டுப் பலகையை யாரோ ஒருவர் வாசித்ததைப் போலத்தான் இருக்கின்றன. பிரபல நடிகரின் குரலைப் போட்டாலும் அந்தக் குறை தீராது.

ஜிம் குயிலன் பின்னாளில் மருத்துவமனையில் வேலை பார்த்து, ஜனாதிபதி கார்ட்டரிடம் மன்னிப்புப் பெற்று, 1998-இல் இறந்தார். பொத்தானைத் தேடிய கதையை அவர் குரலிலேயே உலகம் கேட்கிறது. ஹார்ட்மன் பத்துப் பதினைந்து ஆண்டு தாமதித்திருந்தால் அது கிடைத்திருக்காது.

கண்ணெதிரே உள்ள பொருளைப் பிடித்துக் கதை சொல்வதற்கு நம் பக்கத்தில் நல்ல சான்று ஜோத்பூரின் மெஹ்ராங்கட். 1459-இல் ராவ் ஜோதா தொடங்கிய கோட்டை, நகருக்கு மேலே சுமார் 400 அடி உயரப் பாறையில் நிற்கிறது. அங்கே கருவியை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஏறிப் போகலாம். பீரங்கிக் குண்டு பட்ட வடு, யானைகள் முட்டாதபடி ஆணி அடித்த கதவு, உடன்கட்டை ஏறிய அரசிகளின் கைத்தடங்கள் என்று ஒவ்வொரு நிறுத்தமும் கண்ணெதிரே உள்ள பொருளிலிருந்து தொடங்குகிறது. அஸ்திவாரத்தில் உயிரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ராஜாராம் மேக்வாலின் கதையும் அந்தக் கோட்டைக்கு உரியது. கோட்டையைக் கட்டியவன் பெயரைச் சொல்லும் இடத்தில் அதன் அடியில் கிடப்பவன் பெயரையும் சொல்லவேண்டும். அந்த ஒலி நடையில் அரச குடும்பம் நினைவுகூருவதைக் கேட்கும்போது, அந்த மேக்வாலின் வம்சத்தாரையும் இதேபோல் பேசவைக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

அடுத்த பெரிய திருப்பம் விண்ணிலிருந்து வந்தது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சமிக்ஞையை அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் கொடுத்துவந்தது. பிழை 100 மீட்டர்வரை போகும். மலைக்கோட்டையில் 100 மீட்டர் பிழை என்றால் ஆள் மதில்மேல் நிற்கிறாரா பள்ளத்தில் நிற்கிறாரா என்றே தெரியாது. 2000 மே மாதம் ஜனாதிபதி கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்த உத்தரவிட்டார். பிழை ஒரே இரவில் 20 மீட்டர் அளவுக்குக் குறைந்தது. சில ஆண்டுகளில் ஜி.பி.எஸ். கருவி கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. அதன்பின் பொத்தான் அமுக்கவும் தேவையில்லை. நடக்கிறவர் ஒரு வளைவைத் தாண்டியதும் அந்த வளைவுக்கான கதை தானாகத் தொடங்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தொடங்கிய வாய்ஸ்மேப் போன்ற செயலிகள், ஊர்க்காரர் எவரும் தன் ஊருக்கான நடையை எழுதிக் குரல் கொடுத்து ஏற்ற வழி செய்தன. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். மூடுபனி இறங்கினால் போன் கோடு காணாமல் போகும் எங்கள் மலைகளுக்கு இது முக்கியம்.

இப்போது எங்கள் மலைக்கு வருகிறேன்.

கண்டிக்குள் எதிரி நுழையும்போதெல்லாம் நகரம் காலியாகக் கிடக்கும். மன்னர்கள் ஹங்குரங்கெத்தவுக்கோ மெதமஹநுவரவுக்கோ ஒதுங்கிவிடுவார்கள். மெதமஹநுவர மலை அரண். கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில், தெல்தெனியவைத் தாண்டி இருக்கிறது, மடுல்கெல்லக்குத் தெற்கே. அதன் அருகே போமுரே என்ற கிராமத்தில் 1815 பெப்ரவரி 18 அன்று ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழியினன், இயற்பெயர் கண்ணுசாமி. பிடித்தவர்கள் அவனைக் கொடியால் கட்டினார்கள். அரசிகளின் நகைகளையும் பறித்தார்கள். மார்ச் 2-ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்ட மன்னன் வேலூரில் காவலில் வாழ்ந்து, 1832 ஜனவரி 30 அன்று இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய முத்து மண்டபத்தைத் தமிழ்நாட்டு அரசு 1990-இல் எழுப்பியது. மெதமஹநுவர மலையில் தொடங்கி வேலூரில் முடியும் ஒரு நடை, இரண்டு நாட்டுக்காரரும் கேட்கத்தக்க கதை. தமிழில் அதைச் சொல்ல நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

ஆனால் அந்த மன்னனைப் பார்த்தவர் யாரும் இன்று இல்லை. அவனைப் பற்றி வரலாற்றாசிரியர் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். காத்திருக்க முடியாத கதை இன்னொன்று இருக்கிறது. அவன் வீழ்ந்தபின் இதே மலைகளை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டவர்களின் கதை. தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள், வழியில் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள். 2023-இல் மலையகத்தின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12-இல் மாத்தளையை அடையும்வரை மக்கள் அதே வழியில் நடந்தார்கள். கம்பளைப் பக்கம் பழைய லயன் அறைகளிலேயே தேயிலைத் தொழிலாளருக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். தொகுத்த பாட்டு காகிதத்தில் இருக்கிறது. பாடிய குரல் எங்கே?

மடுல்கெல்லயில் ஒரு தோட்டத்து நடைக்கு நிறுத்தங்கள் தேடவேண்டியதே இல்லை. பெரட்டுக் களம் இருக்கிறது. விடியலில் தப்புச் சத்தம் கேட்டு ஓடிவந்து அங்கே நின்றவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கொழுந்து மடுவம் இருக்கிறது. தராசில் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று சொல்லத் தெரிந்த அம்மாமார் இருக்கிறார்கள். பிள்ளைக் காம்பரா, மேட்டு லயம், பணிய லயம், கோயில், காமன் கூத்து ஆடிய திடல், ஸ்டோர் என்று ஒவ்வோரிடத்துக்கும் ஆள் உண்டு. கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துத் தழும்பேறிய கைக்குச் சொந்தக்காரர், எந்த மலையில் எந்த ஆண்டு மண் சரிந்தது என்று மலை நம்பர் சொல்லிக் காட்டுவார். நக்கிள்ஸ் மலையைப் பார்க்க வரும் வெளிநாட்டார் இந்தப் பாதைகளில்தான் நடந்து போகிறார்கள். மலையின் அழகை அவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. அந்தப் பச்சையை யார் நட்டார்கள் என்று சொல்லும் குரல்தான் வேண்டும்.

அதனால் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அப்பாயியையோ தாத்தாவையோ வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்காதீர்கள். அவர்களால் நடக்க முடியுமானால் கூட்டிக்கொண்டு மெல்ல நடந்து போங்கள். அந்த இடம் வந்ததும் நில்லுங்கள். போனில் ஒலிப்பதிவைத் தொடங்கி, முதலில் இடத்தின் பெயர், திகதி, பேசுகிறவரின் பெயர் மூன்றையும் சொல்லுங்கள். காற்றடித்தால் போனின் மேல் ஒரு கைக்குட்டையைச் சுற்றுங்கள். குறுக்கே பேசாதீர்கள், அவர் நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் பொறுங்கள், பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் முக்கியமானதைச் சொல்வார். மற்றவர்கள் கேட்கலாமா என்று அவரிடமே கேட்டு, அந்தச் சம்மதத்தையும் பதிவுசெய்யுங்கள். ஒரு பிரதியை உங்களிடமும் இன்னொன்றைத் தோட்டத்துப் பாடசாலையிலோ வாசகசாலையிலோ வையுங்கள். நடையாகத் தொகுப்பது பிறகு பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை, அதற்குச் செயலியும் ஆளும் எப்போதும் கிடைக்கும். குரலை இந்தத் தீபாவளிக்கே எடுத்துவிடுங்கள்.